சர்ஜனாகவும் ஆய்வாளராகவும்: புதுக்கோட்டையிலிருந்து ஒரு பாதை

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017-ல் திறக்கப்பட்டபோது, ஆலங்குடி, அறந்தாங்கிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். சொந்த மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இன்னும் பல வீடுகளுக்கு அந்த ஆசையைக் கொண்டுபோனது. அங்கே படிக்கும் ஒரு பெண், அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டும், ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்று விரும்பினால் எந்த வழியில் போவது?

அமெரிக்காவில் மருத்துவத்தையும் பிஎச்.டி.யையும் சேர்த்தே படிக்கும் திட்டம் 1964 முதல் அரசு நிதியில் நடக்கிறது. நம் ஊரில் பெரும்பாலோருக்கு வாய்ப்பது படிப்படியான பாதைதான். ஹவுஸ் சர்ஜன் காலத்தோடு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று, எம்.சிஎச். மூன்று. முடிக்கும்போது வயது முப்பதைத் தொட்டிருக்கும். நீட் பி.ஜி.க்குக் காத்திருக்கும் வருடங்கள் தனிக் கணக்கு. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஆனால் பட்டங்களைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் யாரும் ஆய்வாளராகிவிடுவதில்லை. அதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டாம். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, எதிர்ப்புகளுக்கு நடுவே மன்னரின் அனுமதியோடு மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. அந்த நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 1954-ல் அடையாறில் அதைத் தொடங்கினார். அப்போது அங்கே இருந்தவை பன்னிரண்டு படுக்கைகள்.

அங்கே பொறுப்பேற்ற அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி ஒரு சர்ஜன். 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர். ஆய்வாளர் என்ற பதவிப் பெயரோடு இருவரும் அங்கே வரவில்லை. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாயில் புற்று வந்து, முற்றிய பிறகே வரும் ஏழை நோயாளிகள்தான் அவர்கள் முன் நின்றார்கள். கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று இருவரும் முறையாகச் சோதித்து, முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர் அதன்பின் எப்படி இருக்கிறார் என்பதை விடாமல் பின்தொடர்ந்து பதிந்தார்கள். அந்தப் பதிவேடுகளே அவர்களுடைய ஆய்வுக்கூடம் என்பேன். அறுவை சிகிச்சை செய்தவருக்கு அதன் பலன் என்ன ஆனது என்று தெரியாவிட்டால் ஆராய்ச்சி எங்கிருந்து வரும்? 1984-ல் அதே நிறுவனம் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கென எம்.சிஎச். படிப்பையும் தொடங்கியது.

இன்னொரு வகை ஆய்வும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் பொறியாளர்களோடு உட்கார்ந்து செயற்கை வால்வு ஒன்றை உருவாக்கினார். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கருவிகளில் மனம் போகிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

எம்.எஸ். படிக்கும் எல்லோருமே ஒரு தீசிஸ் எழுத வேண்டும். சீனியருடையதைப் பார்த்துக் கடைசி ஆண்டில் ஒப்பேற்றும் வழக்கம் பல இடங்களில் இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. மூன்று ஆண்டுகள் நோயாளிகளோடு இருந்து ஒரு கேள்விக்கு விடை தேடும் வாய்ப்பு அப்படி வீணாகிறது. பி.ஜி. கவுன்சலிங்கில் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே படிக்கும் சீனியர்களைப் பிடித்து, அறுவை சிகிச்சையில் கைகொடுக்க விடுகிறார்களா, வழிகாட்டி தீசிஸை உட்கார்ந்து படிப்பாரா, பழைய கேஸ் ஷீட்டைக் கேட்டால் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பிஎச்.டி.யை எம்.எஸ்.க்குப் பிறகும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் செய்யலாம், அதற்கு அவசரமில்லை.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஒரு தொடக்கம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் மருத்துவ மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. சொந்தக் கல்லூரி ஆசிரியரே வழிகாட்டியாக இருக்கலாம், வேலை இரண்டு மாதம். தலைப்புக்காக இணையத்தைத் துழாவ வேண்டாம், சர்ஜரி ஓ.பி.யில் ஒரு வாரம் நின்றால் போதும். சர்க்கரை நோயால் கால் புண்ணாகி வருகிறவர்கள் எத்தனை நாள் கழித்து வருகிறார்கள், அதுவரை வீட்டில் என்ன போட்டார்கள், விரலை எடுக்கும் நிலைக்கு எப்போது போனது என்று கேட்டு எழுதத் தொடங்கலாம்.