ஹூஸ்டனில் ஏது குன்று?

அமெரிக்காவின் ஹூஸ்டன் தட்டையான ஊர். அங்கே எங்காவது ஒரு குன்று தெரிந்தால், அது பெரும்பாலும் குப்பை கொட்டி மண் போட்டு மூடிய மேடாகத்தான் இருக்கும். 1979-இல் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அப்படிப்பட்ட மேடுகளைத் தேடி ஊரைச் சுற்றினார்கள். அனுப்பியவர் அவர்களுடைய சமூகவியல் ஆசிரியர் ராபர்ட் புல்லார்ட். அவரை இதில் இழுத்துவிட்டவர் அவர் மனைவி லிண்டா. வழக்கறிஞரான லிண்டா, கறுப்பின மக்கள் வாழும் நார்த்வுட் மேனர் குடியிருப்புக்கு அருகே வரவிருந்த குப்பைக் கிடங்கை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார். நீதிமன்றத்தில் காட்ட ஆதாரம் வேண்டியிருந்தது.

கணினி வரைபடமெல்லாம் அப்போது கைக்கெட்டாத சமாச்சாரம். மாணவர்கள் நகர நிர்வாகத்தின் பழைய கோப்புகளைப் புரட்டினார்கள். நேரில் போய்ப் பார்த்தார்கள். கண்டதை வரைபடத்தில் குறித்தார்கள். நகருக்குச் சொந்தமான 5 கிடங்குகளும் கறுப்பினப் பகுதிகளில் இருந்தன. 8 குப்பை எரிப்பு உலைகளில் 6, தனியார் கிடங்குகள் 4-இல் 3 அங்கேயேதான். நகர மக்கள்தொகையிலோ கறுப்பினத்தவர் கால் பங்குதான்.

வழக்கு தோற்றது. குப்பை அங்கே போகிறது என்று காட்டினால் போதாது, இனத்தை மனத்தில் வைத்தே அனுப்பினார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கிடங்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த வகுப்பறை வேலை, மாசின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்க்கும் 'சுற்றுச்சூழல் நீதி' என்ற துறைக்கு வித்திட்டது. 1990-இல் புல்லார்டின் 'டம்பிங் இன் டிக்ஸி' நூல் வந்தது. அதே ஆண்டு பனியன் பிரையன்ட், பால் மொஹாய் என்ற இரு பேராசிரியர்கள் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் இத்துறை ஆய்வாளர்களைக் கூட்டினார்கள். சில ஆண்டுகளில் அங்கே சுற்றுச்சூழல் நீதி ஒரு பட்டப்படிப்பாகவே ஆகிவிட்டது.

இதில் முதுநிலைப் படிப்புக்கு என்ன வேலை? ஆலையின் நாற்றம் அருகில் குடியிருப்பவருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. அதிகாரி கேட்பது வேறு: எந்த ரசாயனம், எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், பக்கத்து ஊரில் அதே நோய் எத்தனை பேருக்கு? இதற்குப் பதில் சொல்லத்தான் புள்ளியியல், நச்சியல், நோய்ப்பரவலியல், வரைபட மென்பொருள் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். கூடவே சட்டம். ஆலை அனுமதி வரைவின் மீது மக்கள் கருத்துச் சொல்லக் கெடு உண்டு. அதற்குள் எழுதித் தராத ஆட்சேபத்தைப் பிறகு நீதிமன்றத்தில் எழுப்புவது கடினம். நூற்றுக்கணக்கான பக்க வரைவைக் கெடுவுக்குள் படித்து ஓட்டை கண்டுபிடிப்பவர்தான் அந்த ஊருக்கு அப்போது தேவைப்படும் ஆள்.

லூசியானாவின் துலேன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். கான்வென்ட் என்ற சிற்றூரில் ஷின்டெக் நிறுவனம் பிவிசி ஆலை கட்ட வந்தது. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் ஏழைகளுக்காக வாதாடும் துலேன் சட்ட உதவி மையம் ஊர்க்காரர்களுக்காகக் களமிறங்கியது. 1997-இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை, மாநிலம் கொடுத்த காற்று மாசு அனுமதியில் குறைகண்டு திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு நிறுவனம் கான்வென்ட் திட்டத்தைக் கைவிட்டு, வேறோர் இடத்தில் சிறிய ஆலை கட்டப் போனது. ஆளுநருக்கும் வணிகச் சங்கங்களுக்கும் வந்ததே கோபம்! மாணவர்கள் யாருக்காக வாதாடலாம் என்ற விதியை மாநில உச்ச நீதிமன்றம் 1998-இல் இறுக்கியது. ஒரு கல்லூரி வகுப்புக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது.

வழக்காடுவது மட்டுமே வழி அல்ல. மிஷிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் குழந்தை மருத்துவரான மோனா ஹன்னா-அட்டிஷா, மருத்துவத்தோடு பொதுச் சுகாதாரத்தில் முதுநிலையும் படித்தவர். 2014 ஏப்ரலில் நகரம் குடிநீருக்கு ஃபிளின்ட் ஆற்றுக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைகளை அவர் ஒப்பிட்டார். ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்த குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. 2015 செப்டம்பரில் அவர் இதை வெளியிட்டதும், கணக்கு தப்பு என்று மாநில அதிகாரிகள் மறுத்தார்கள். ஆனாலும் அக்டோபரில் நகரம் ஆற்று நீரை விட்டு, முன்பு தண்ணீர் வாங்கிய இடத்துக்கே திரும்பியது.

இப்படிப் படித்தவர்கள் சுகாதாரத் துறைகளிலும் சட்ட அமைப்புகளிலும் தன்னார்வ நிறுவனங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். அரசு வேலையை மட்டும் நம்ப முடியாது. சிறுபான்மையினர், ஏழைகள் மீது விழும் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கவனிக்கும்படி மத்தியத் துறைகளுக்கு 1994-இல் கிளின்டன் இட்ட ஆணை, 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றதும் ரத்தானது. மத்திய முகமையின் சுற்றுச்சூழல் நீதிப் பிரிவுகளை மூடும் அறிவிப்பும் மார்ச்சில் வந்தது. இடையே, எந்தப் பகுதியில் எவ்வளவு மாசு, அங்கே யார் வாழ்கிறார்கள் என்று காட்டிய 'ஈஜேஸ்கிரீன்' வரைபடத்தையும் முகமை தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அதன் படியைச் சேமித்து வைத்திருந்த ஆய்வாளர்களும் தரவு வல்லுநர்களும் விரைவிலேயே அதை வேறு முகவரியில் ஏற்றிவிட்டார்கள்.