கரிசற்காட்டு மக்காச்சோளத்தில் முளைத்த களைகளுக்கு மருந்து தெளித்தல்

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசற்காடுகளில் மானாவாரி மக்காச்சோளம் புரட்டாசியில் விதைக்கப்பட்டு ஐப்பசி மழையில் வளர்வது. களையும் அம்மழையிலேயே வளர்கின்றது. மக்காச்சோளத்திற்குக் களையினால் பெருந்தீங்கு நேர்வது முதல் 30 முதல் 45 நாட்களுக்குள். அந்நாட்களோ இங்கே பெரும்பாலும் அடைமழை நாட்களாக அமைந்துவிடுகின்றன. கரிசல் நனைந்தால் மண் காலோடும் களைச்சுரண்டியோடும் அப்பிக்கொள்ளும். வெட்டிப்போட்ட களையும் ஈரத்தில் மீண்டும் வேரூன்றும். களைவெட்டுக்குப் பல ஆட்கள் வேண்டும்; தெளிப்புக்கோ ஓரிருவர் போதும்; மழைவிட்ட சிறு இடைவெளியில் வேலையை முடித்துவிடலாம். ஆகையால் நின்ற பயிரின்மேல் தெளித்துக் களையை மாத்திரம் அழிக்கும் மருந்துகளைக் குடியானவர்கள் நாடுவதில் தவறில்லை. ஆயினும் அவை மக்காச்சோளத்தை விட்டுவைப்பது போல வரப்புக்கு அப்பாலுள்ள பருத்தியையும் உளுந்தையும் விட்டுவைப்பவை அல்ல.

முதலில் காலம். விதைத்த 20 முதல் 25 நாட்களில் தெளிக்க வேண்டுமென்று சொல்லப்படுவதை அப்படியே கொள்ளலாகாது. நம் பக்கத்தில் மழைக்கு முன்பே உலர்ந்த மண்ணில் விதைப்பவர் பலர். அவர்கள் விதைத்த நாளை விட்டு, முளைப்பித்த மழை பெய்த நாளிலிருந்தே எண்ண வேண்டும். நாளைக் காட்டிலும் களையைப் பார்ப்பதே நலம். சாரணையும் தொய்யக்கீரையும் புல்லும் மூன்று நான்கு இலை விட்டிருக்கும்போது மருந்துக்கு எளிதில் மடியும். பூவெடுத்த பின் தெளித்தால் பணமே மடியும். மண்ணில் ஈரம் வேண்டும். வாடிய களை மருந்தைச் சரிவர உட்கொள்ளாது. தெளித்தபின் சில மணி நேரமாவது மழை பெய்யாதிருக்க வேண்டும்.

புல்லும் அகன்ற இலைக் களையும் கலந்திருக்கும் காட்டிற்கு டெம்போட்ரியோன் 34.4 சதவீதக் கரைசல் ஏற்றது. ஏக்கருக்கு 115 மில்லி. அதனுடன் தரப்படும் ஒட்டுத்திரவத்தையும் சேர்த்து 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். களையின் இலை வெளுத்துப் பின் கருகும். மக்காச்சோளம் இம்மருந்தைத் தன் உடலிலேயே சிதைத்துவிடுவதால் தப்புகின்றது. கோரை இதற்கு எளிதில் அடங்காது. அதற்கு ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் என்ற மருந்து தனியே உண்டு.

2,4-டி என்னும் மருந்து 1940-களில் கண்டறியப்பட்டது. விலை மலிவு, அகன்ற இலைக் களைகளை நன்றாக அழிக்கும், புல்லைத் தொடாது. பயிர் முழங்கால் உயரத்திற்கு மேற்பட்டபின் இதனைத் தெளித்தால் தண்டு முறியுந்தன்மை அடைந்து, தாங்குவேர்கள் கோணலாகிக் காற்றில் சாய்வதுண்டு. இதனினும் பெரிய தீங்கு பருத்திக்கு. மிகச் சிறிதளவு பட்டாலும் பருத்தியின் புதிய இலைகள் விரல் விரித்தாற்போல் குறுகிப் பிளந்து, பூவும் காயும் குறையும். ஐப்பசியில் வீசுவது வடகிழக்குக் காற்றாதலால், மக்காச்சோளத்திற்குத் தென்மேற்கே பருத்தியிருந்தால் 2,4-டியை எடுக்காதிருத்தலே நமது அபிப்பிராயம். பிற மருந்துகளையும் காற்றடங்கிய வேளையில், விசிறிமுனை பொருத்தி, தாழப்பிடித்துத் தெளிக்க வேண்டும்.

பக்கத்துக் காட்டார் புகார் கொண்டுவந்தால் கிராம அதிகாரிகள் தாமதமின்றி நேரிற் பார்ப்பது அவசியம். மருந்துச் சாரலால் நேர்ந்த கேடு வரப்போரத்தில் அதிகமாகவும் உள்ளே செல்லச் செல்லக் குறைவாகவும் காணும். பூச்சியால் வந்ததாயின் அவ்வாறு ஒரு பக்கமாக வரிசைப்பட்டிருத்தல் அரிது. நாள் கடந்து புதுத்தளிர் வந்துவிட்டால் இவ்வேற்றுமை மங்கிவிடும்; பின் இரு தரப்பாரின் வாய்ச்சொல்லே மிஞ்சும்.

மக்காச்சோளத்தினூடே உளுந்தோ பாசிப்பயறோ விதைத்தவர்கள் இங்குக் கூறிய எந்த மருந்தையும் மேலே தெளித்தல் கூடாது. பயறு முழுவதும் கெடும். அவர்கள் விதைப்புக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். விதைத்த 3 முதல் 5 நாட்களுக்குள், மண் நனைந்திருக்கையில், பெண்டிமெத்தலின் 30 சதவீத மருந்தை ஏக்கருக்கு ஒரு லிட்டர் வீதம் தெளித்துவிட்டு, எஞ்சிய களையைக் கையால் எடுப்பதே அவர்களுக்குரிய வழி.

இனி, தெளிப்பான். களைமருந்து தெளித்த அதே கருவியில் மறுவாரம் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்து, அயலார்மேல் பழிசுமத்த இடமின்றித் தம் பருத்தியைத் தாமே கெடுத்துக்கொண்டவர் உண்டு. குழாயிலும் முனையிலும் தங்கும் மருந்து ஒருமுறை கழுவினால் போவதில்லை. களைமருந்துக்கெனத் தனித்தெளிப்பான் ஒன்று வைத்திருத்தல் உசிதம். இயலாதவர் இருவர் மூவராகச் சேர்ந்தேனும் ஒன்று வாங்கலாம்.

கடையில் ‘களைக்கொல்லி’ என்று மாத்திரம் கேட்பதும் ஆபத்து. கிளைபோசேட்டும் அப்பெயராலேயே வழங்குகின்றது. அது களையோடு சாதாரண மக்காச்சோளத்தையும் சேர்த்தே அழித்துவிடும். மருந்தின் பெயரையும், மக்காச்சோளம் என்ற சொல்லையும் சீட்டில் படித்துப் பார்த்த பின்னரே புட்டியை வாங்க வேண்டும்.