சீனம் பேசாத சீன மந்திரி

ஒரு நாட்டின் வெளிநாட்டு மந்திரி அந்நாட்டு மொழியை அறியாதவர் என்றால் நம்புதல் அரிது. 1927ஆம் ஆண்டிலே சீனத் தேசிய அரசாங்கத்தின் சார்பில் பிரித்தானியாவோடு வாதாடிய யூஜீன் சென் அத்தகையவரே. ஆங்கிலத்தில் வரைந்த இராசதந்திரக் கடிதங்களே அவருடைய ஆயுதங்கள்.

சென் 1878இல், அக்காலத்துப் பிரித்தானியக் குடியேற்ற நாடாகிய திரினிடாட் தீவிற் பிறந்தார். தந்தையார் தைப்பிங் கிளர்ச்சியிற் பங்குபற்றி, பின்னர் கடல்கடந்து மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தவர். மைந்தர் சட்டத்தரணியாகிப் பெரும்பொருள் ஈட்டினார். 1911இல் மூண்ட புரட்சி மஞ்சு அரசகுலத்தை வீழ்த்திற்று. மறு ஆண்டே அவர், முன்பு வாழ்ந்தறியாத தந்தையர் நாட்டிற்குச் சென்றார். பீக்கிங் நகரில் ஆங்கிலப் பத்திரிகையொன்றின் ஆசிரியராயிருந்து, ஜப்பானுடன் அரசாங்கம் நடத்திய இரகசியப் பேச்சுக்களை 1917இல் கண்டித்தெழுதிச் சிறை புகுந்தார். அதன்பின் சுன் யாட் சென்னின் நெருங்கிய துணைவரானார்.

அந்நாளில் சீனத் துறைமுகங்கள் சிலவற்றில், அந்நியரே வரி விதித்துக் காவலும் நடத்திய தனிப் பகுதிகள் இருந்தன. யாங்சி நதிக்கரையிலுள்ள ஹாங்கௌ நகரில் 1861 முதல் பிரித்தானியருக்கு அத்தகைய பகுதியொன்று இருந்தது. 1927 சனவரித் தொடக்கத்தில் மக்கள் அங்கே திரண்டனர். பிரித்தானியக் கடற்படை வீரர் பின்வாங்கினர். தேசிய அரசாங்கம் நிருவாகத்தை ஏற்றது. கூட்டம் கைப்பற்றியதைப் பீரங்கிக் கப்பல்கள் மீட்டுவிடக்கூடும். ஒப்பமிட்ட உடன்படிக்கையை அவ்வாறு எளிதில் மீட்க இயலாது. சட்டத்தரணியாகிய சென் இதனை நன்குணர்ந்திருந்தார்.

பிரித்தானியப் பிரதிநிதி ஓ'மாலியுடன் பேச்சு வாரக்கணக்காக நடந்தது. இணக்கம் நெருங்கிய வேளையில், பிரித்தானியப் படை ஷாங்காய்க்கு அனுப்பப்படுவதைக் காட்டிச் சென் ஒப்பமிட மறுத்தார். அச்சுறுத்தலின் கீழ்ச் செய்யும் உடன்படிக்கை உடன்படிக்கையன்று என்பதே அவர் வாதம். பலங்குன்றிய அரசாங்கமொன்றின் மந்திரிக்கு இது சிறு துணிவன்று. ஈற்றில், பெப்ரவரி 19ஆந் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஹாங்கௌப் பகுதி சீனாவுக்கு மீண்டது. மறுநாள் கியூகியாங் துறைமுகத்துக்கும் அவ்வாறே வழி பிறந்தது. வீதியில் நின்ற மக்களின்றி இது நிகழ்ந்திராது. எனினும், அவர்கள் பெற்றதை நிலைக்கச் செய்தது சென்னின் பேனாவே.

அவ்வாண்டிலேயே தேசியக் கட்சி பிளவுபட, சென் சுன் யாட் சென்னின் துணைவியாரைப் போன்று மொஸ்கோ சென்றார். பின்னரும் சிறிது காலம் பதவிகள் வகித்தார், எதுவும் நீடிக்கவில்லை. 1941இன் இறுதியில் ஹாங்காங் ஜப்பானியர் வசமானபோது பிடிபட்டு, ஷாங்காய்க்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஜப்பானியரின் கைப்பாவை அரசாங்கத்திற் சேருமாறு வற்புறுத்தினர், சென் இணங்கவில்லை. 1944ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரிலேயே காலமானார்.