மெஷின் பாதி, பைப்பு பாதி

ராயபுரம் கல்மண்டபத்தில் ஏசி மாட்டப் போனால் முதல் தகராறு பைப்பில்தான் ஆரம்பிக்கும். "மெஷினுக்கே அவ்ளோ காசு குடுத்துட்டோம், பைப்புக்கு இன்னாத்துக்குப்பா தனியா கேக்குற?" என்று வீட்டம்மா கேட்பார். கேள்வியில் தப்பில்லை. டப்பாவோடு வரும் செம்பு பைப் பெரும்பாலும் மூன்று மீட்டர்தான். எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அது எங்கே போதும்? பத்தடி அகலத்தில் மேலே மேலே கட்டிய மாடிகள். எதிரில் ஆள் வந்தால் தோளைச் சாய்த்துக்கொண்டு போகவேண்டிய சந்து. ஜன்னலுக்கு வெளியே அவுட்டோரை மாட்டினால் அதன் அனல் எதிர்வீட்டு அடுப்படிக்குள் போகும், மறுநாளே பஞ்சாயத்து. அதனால் அவுட்டோர் மொட்டை மாடிக்குப் போகிறது, இண்டோர் கீழ்வீட்டுப் படுக்கையறையில் இருக்கிறது. நடுவில் சுவரோடு சுவராக இறங்கும் பைப்புக்கு அடிக்கணக்கில் காசு.

அந்தக் காசைக் குறைக்கப் பேரம் பேசுகிறவர்கள், பைப்பை நான் எப்படிப் போடுகிறேன் என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் வருத்தம் அதுதான். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜை நினைத்துப் பாருங்கள். பதினைந்து, இருபது வருடம் கேஸ் ஏற்றாமலே ஓடுகிறது. ஸ்பிளிட் ஏசிக்கு மட்டும் ஏன் இரண்டாவது, மூன்றாவது கோடையிலேயே "கேஸ் இல்லை" என்கிறார்கள்? ஃபிரிட்ஜின் பைப்பு முழுக்க ஃபேக்டரியில் பற்றவைத்து மூடி வருகிறது, யாரும் அதைத் திறப்பதே இல்லை. ஸ்பிளிட் ஏசி அப்படி அல்ல. கடையில் நீங்கள் வாங்குவது பாதி மெஷின். இண்டோர் பக்கம் இரண்டு, அவுட்டோர் பக்கம் இரண்டு என்று நாலு ஜாயின்ட்டை என்னைப்போல் ஒருவன் உங்கள் வீட்டில், வெயிலில், ஏணியில் நின்று போட்ட பிறகுதான் அது முழு மெஷின் ஆகிறது. கேஸ் போனால் முதல் சந்தேகம் அந்த நாலின் மேல்தான்.

பைப்புக்குள் நடப்பது ரொம்ப எளிது. கேஸ் இண்டோரில் கொதித்து அறைச் சூட்டை உறிஞ்சும். கம்ப்ரசர் அதை இழுத்து அமுக்கும். அவுட்டோரில் சூட்டைக் கக்கி மறுபடி திரவமாகும். வெளியிலிருந்து குளிர் என்று எதுவும் உள்ளே வருவதில்லை, உள்ளே இருக்கும் சூடுதான் வெளியே போகிறது. ஒன்றரை டன் மெஷினுக்குப் பெரும்பாலும் கால் இன்ச் பைப் ஒன்று, அரை இன்ச் பைப் ஒன்று. மெல்லியதில் திரவம் போகும், தடித்ததில் கேஸ் திரும்பும். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசரின் எண்ணெயும் கொஞ்சம் ஊர் சுற்றும், அது திரும்பி வந்தாக வேண்டும். இண்டோர் கீழேயும் அவுட்டோர் மாடியிலும் இருந்தால் எண்ணெய் மேலேறி வரவேண்டும். எத்தனை மீட்டர் ஏறலாம், எங்கே யூ வளைவு வேண்டும் என்று அந்தந்த கம்பெனியின் புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தைத் தெர்மாகோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

எங்கப்பா காசிமேட்டில் ஐஸ் கம்பெனி ஆள். மீன்பிடி படகுகளுக்குப் போகும் ஐஸ் பார் செய்யும் இடம். அங்கேயும் இதே வேலைதான், ஆனால் உள்ளே ஓடுவது அமோனியா. உப்புத் தண்ணீர்த் தொட்டியை அது பூஜ்யத்துக்குக் கீழே குளிர வைக்கும், அதற்குள் இறக்கிய தகர டப்பாவில் நல்ல தண்ணீர் பாளமாக உறையும். அந்தத் தொழிற்சாலையில் செம்பு பைப்பைப் பார்க்கவே முடியாது. ஈரத்தோடு சேர்ந்த அமோனியா செம்பைத் தின்றுவிடும் என்பதால் எல்லாமே இரும்பு. லீக் ஆனால் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை, கண் எரியும், மூச்சு முட்டும், தெருவே ஓடும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்துக்காரர்கள் அப்படித்தான் வீட்டை விட்டு ஓடினார்கள். கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் அமோனியா குழாயில் கசிவு. பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது.

வீட்டு ஏசியின் கேஸ் இதற்கு நேரெதிர். நாற்றம் காட்டாது, கண் எரியாது, சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அறை குளிரவில்லை, கரன்ட் பில் ஏறுகிறது என்ற பிறகுதான் நமக்கே தெரியும்.

இப்போது வரும் மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32. நான் தொழில் கற்றபோது எல்லாம் ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார்கள். ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அதில் ஒரு கிலோ காற்றில் கலப்பது 675 கிலோ கரியமில வாயு கலப்பதற்குச் சமம். லேசாகத் தீப்பிடிக்கவும் செய்யும். எங்கள் வேலையை மாற்றியது இன்னொரு விஷயம். ஆர்-22-ஐவிட இதன் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். அன்றைக்குக் கையளவில் முறுக்கிய நட் தாங்கியது, இன்றைக்குத் தாங்காது.

நட்டுக்குள் இருக்கும் பைப் முனையைப் பூப்போல விரிப்பதற்கு ஃபிளேர் என்று பெயர். ஏசி மாட்டும் வேலையில் கைத்திறமை முழுக்க இங்கேதான். பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுத்தால் துகள் உள்ளே போகும், கட்டரால் சுற்றித்தான் வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் உள்பக்கம் மடிந்திருக்கும் பிசிறைச் சீவ வேண்டும், சீவும்போது பைப் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும். விரிப்பதற்கு முன்னால் நட்டை மாட்டிக்கொள்ள வேண்டும், இதை மறந்துவிட்டுத் தலையைச் சொறியாத மெக்கானிக் கிடையாது. விரித்த வாயில் கீறல், வெடிப்பு, கோணல் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி. முடுக்கும்போது இரண்டு ஸ்பானர் பிடிக்க வேண்டும். கால் இன்ச் நட்டுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர் போதும், அரை இன்ச்சுக்கு 50-க்கு மேல் வேண்டும். இதை அளந்து முடுக்க டார்க் ரென்ச் இருக்கிறது. "கையே சொல்லும்ணே" என்பான் என்கூட வரும் பையன். கை சொல்லும், சாயங்காலம் கை அசந்த பிறகு வேறு மாதிரி சொல்லும்.

அடுத்து நைட்ரஜன். பைப்புக்குள் அழுத்தமாக ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு நட்டிலும் சோப்பு நுரை தடவ வேண்டும். வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரை இதற்குப் போடுகிறவர்கள் உண்டு. கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால், மரியாதை எல்லாம் பார்க்காமல் நிறுத்துங்கள்.

அதற்குப் பிறகு வேக்கம். மெக்கானிக் அதிகமாகத் தாண்டிக் குதிக்கும் இடம் இதுதான். புதுப் பைப்புக்குள் இருப்பது கல்மண்டபத்துக் காற்று, அதாவது பாதி தண்ணீர். வால்வை லேசாகத் திறந்து அவுட்டோரில் இருக்கும் கேஸையே விட்டு அந்தக் காற்றை 'புஸ்' என்று தள்ளிவிடுவது பழைய வழக்கம். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். கேஸும் கொஞ்சம் போகும், ஈரம் மட்டும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்-32-க்கான எண்ணெய் ஈரத்தைக் குடிக்கிற ஜாதி. குடித்துக் குடித்து அமிலமாகி கம்ப்ரசர் காயிலை அரிக்கும். ஒரு வேக்கம் பம்ப்பை வைத்து ஓடவிட்டால், அழுத்தம் இறங்க இறங்கத் தண்ணீரின் கொதிநிலையும் இறங்கும். சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 500-க்குக் கொண்டுவந்துவிட்டால் ஈரம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயே ஆவியாகி வெளியே போய்விடும். பம்ப்பை நிறுத்திய பிறகும் மீட்டர் அப்படியே நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் நிறைய வீடு முடிக்கவேண்டிய பையனுக்கு அந்த அரை மணி நேரம் கிடையாது. அவனைத் திட்டிப் பயனில்லை, மாட்டும் கூலியை அவ்வளவு கீழே இறக்கியது யார் என்று கேட்க வேண்டும்.

அடுத்து பைப்புக்கு மேலே போடும் உறை. அமெரிக்காவில் வீடு முழுவதற்கும் ஒரே சென்ட்ரல் ஏசி வைப்பார்கள். அதன் படங்களில் தடித்த பைப்புக்கு மட்டும் உறை இருக்கும், மெல்லியது வெறும் செம்பாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "ஒண்ணுக்குப் போட்டா போதாதா?" என்று கேட்டவர்கள் உண்டு. அங்கே திரவம் அழுத்தம் குறைந்து குளிரும் இடம் வீட்டுக்குள் இருக்கிறது, அதனால் மெல்லிய பைப் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நம் ஸ்பிளிட் மெஷின்களில் அந்த வேலை பெரும்பாலும் அவுட்டோரிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு பைப்பும் சில்லென்று இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக உறை வேண்டும். ஒரே உறைக்குள் இரண்டையும் திணித்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் போய், கட்டிய கரன்ட் காசு சுவருக்குள்ளேயே கரையும்.

நாலைந்து அறைக்கு ஒரே அவுட்டோர் வைக்கும் பெரிய வீடுகளிலும் சங்கதி இதேதான், ஜாயின்ட் மட்டும் பெருகும். அங்கே பற்றவைக்கும்போது பைப்புக்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும், இல்லையென்றால் உள்சுவரில் கரிந்த செம்புச் செதில் உதிர்ந்து வால்வை அடைக்கும்.

கடலை மறந்துவிட்டு ராயபுரத்தில் எதையும் மாட்ட முடியாது. உப்புக்காற்று ஸ்டாண்டை முதலில் தின்னும், பிறகு அவுட்டோரின் அலுமினியத் தகட்டை. மலிவான பைப் செட்டில் செம்புக்குப் பதில் அலுமினியம் வரும். பித்தளை நட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் சீக்கிரம் அரித்துப்போகும், அதனால் இந்தப் பக்கத்தில் அதை நான் தொடுவதில்லை. உறையின் மேல் சுற்றும் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓட்டு வீட்டில் ஓடு வேய்கிற மாதிரி மேல் சுற்று கீழ் சுற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

"ஒவ்வொரு வருஷமும் கேஸ் டாப்-அப் பண்ணணும்மா" என்று யாராவது சொன்னால், எங்கே லீக் என்று முதலில் கேளுங்கள். கேஸ் பெட்ரோல் அல்ல, ஓடினால் தீர்ந்துபோகாது. அவுட்டோர் பக்கத்து இரண்டு நட்டையும் இண்டோருக்குப் பின்னால் உள்ள இரண்டையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிசுக்கென்று எண்ணெய்க் கறை இருந்தால் லீக் பெரும்பாலும் அங்கேதான், ஏனென்றால் கேஸோடு எண்ணெயும் வெளியே வரும். மிச்ச கேஸைத் தனி சிலிண்டருக்கு எடுத்துவிட்டு, அந்த முனையை வெட்டிப் புதிதாக ஃபிளேர் போட்டு, மறுபடியும் வேக்கம் வைத்த பிறகுதான் கேஸ் போட வேண்டும். முழு கேஸையும் தராசில் நிறுத்துப் போட வேண்டும், மொத்தம் எத்தனை கிராம் என்று அவுட்டோரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும். பைப் நீளம் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டியிருந்தால் கூடுதல் மீட்டருக்கு எவ்வளவு என்பதும் கம்பெனி கொடுத்த கணக்கிலேயே இருக்கும். தராசு கொண்டுவராத ஆளிடம் கேஸ் ஏற்றச் சொல்லாதீர்கள்.