சோதனை முதலில், நிரல் பின்னர்

2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 30 ஜிகாபைட் 'ஸூன்' இசைக்கருவிகள் செயலற்று நின்றன. அது லீப் ஆண்டின் 366ஆவது நாள். அந்நாளைக் கணக்கிட முயன்ற நிரல், முடிவில்லாச் சுழற்சியில் சிக்கியது. அந்த ஒரு நாளை முன்னரே சோதித்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும்.

இத்தகைய பிழைகளைத் தொடக்கத்திலேயே தடுக்க முயல்வது சோதனைவழி மென்பொருள் உருவாக்கம். அமெரிக்க நிரலர் கென்ட் பெக் இம்முறையை 2002இல் வெளியான தம் நூலில் விரிவாக விளக்கினார். இதில் நிரலுக்கு முன்பே அதற்குரிய சோதனை எழுதப்படுகிறது. நிரல் இன்னும் இல்லாததால் சோதனை முதலில் தோல்வியுறும். அதனைச் சோதனைக் கருவி சிவப்பு நிறத்தால் உணர்த்தும். சோதனை வெற்றிபெறத் தேவையான அளவு மட்டும் நிரல் எழுதப்பட்டதும் பச்சை நிறம் தோன்றும். பின்னர், செயல்பாடு மாறாமல் நிரல் செம்மைப்படுத்தப்படும்.

எடுத்துக்காட்டாக, லீப் ஆண்டைக் கண்டறியும் நிரலைக் கருதலாம். 2024 லீப் ஆண்டு, 2023 லீப் ஆண்டன்று என்பன முதற்சோதனைகள். 4ஆல் வகுபடுகிறதா என்று பார்க்கும் நிரல் இவற்றில் வெற்றிபெறும். ஆனால், 1900 லீப் ஆண்டன்று என்னும் சோதனையில் தோற்கும். எனவே, 100ஆல் வகுபடும் ஆண்டுகள் விலக்கப்படும். அப்போது 2000 லீப் ஆண்டு என்னும் சோதனை தோற்று, 400ஆல் வகுபடும் ஆண்டுகளைச் சேர்க்கச் செய்யும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய சோதனைகளும் மீண்டும் இயக்கப்படுவதால், புதிய விதி பழையதைக் குலைத்தால் உடனே தெரிந்துவிடும்.

ஆயினும், நிரலர் எண்ணிப்பாராத நாளைச் சோதனையும் காட்டாது. எதனைச் சோதிக்க வேண்டும் என முன்கூட்டியே சிந்திப்பதே இம்முறையின் உயிர்நாடி.