காட்டோரத்துக் குப்பையும் வீட்டுக் காய்ச்சலும்

சென்னையின் தென்பகுதியில், மேடவாக்கத்தை அடுத்து, நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்பு. வானளாவிய மரங்கள் நிற்கும் மலைக்காடு அன்று அது. களாவும் காரையும் சூரையும் பின்னிக் கிடக்கும் முட்புதர்க்காடு. கைவிடப்பட்ட கல்குவாரிகளின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதால், பறவை ஆர்வலர்களிடையே பெயர்பெற்ற இடம். சுற்றிலும் இன்று அடுக்ககங்களும் தனிவீடுகளும் வேலிவரை வந்துவிட்டன. அவ்வேலியோரங்களில் வீட்டுக் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்படுவது பலமுறை செய்தியாகியிருக்கிறது. பெயரை மாற்றிவிட்டால், தமிழகத்தின் எந்த நகரத்து ஓரத்துக் காட்டுக்கும் இதே கதை பொருந்தும்.

கொட்டுகிறவர் எவரும் தம்மைக் குற்றவாளி என்று கருதுவதில்லை. குப்பை வண்டி ஒருநாள் வரவில்லை. வீட்டில் நாற்றம் தாங்கவில்லை. வேலைக்குச் செல்லும் வழியில் இருசக்கர வண்டியிலிருந்து ஒரு பை புதருக்குள் வீசப்படுகிறது. அடுத்த நாள் அதனருகில் இன்னொரு பை. ஒரு மாதத்தில் அது குப்பை கொட்டும் இடம் என்று ஊராராலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுகிறது. பின்பு, இரவில் இறைச்சிக் கழிவு மூட்டைகளும் இடிபாடு ஏற்றிய டெம்போக்களும் வருகின்றன. புதர் மறைத்துக்கொள்கிறது, கண்ணுக்குத் தெரியாததை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் அது திரும்பி வருகிறது. எவ்வழியில் வருகிறது என்பதை, மருத்துவமனைக்கு வந்து செல்லும் நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில் உண்ணிக் காய்ச்சல். மருத்துவர்கள் இதனை ஸ்க்ரப் டைபஸ் என்பர். ஸ்க்ரப் என்பதற்கே புதர்க்காடு என்றுதான் பொருள். ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா இதற்குக் காரணம். மாட்டின் காதில் தொங்கும் பெரிய உண்ணி அன்று இதனைப் பரப்புவது. வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாத, புதர்மண்ணில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே இக்கிருமி அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடும். இளம்புழுவுக்கு வாழ்நாளில் ஒருமுறை ஓர் உயிரின் உடலில் ஒட்டி உணவு பெறுதல் வேண்டும். இயல்பாக அவ்வுயிர் எலி. எலி பெருகினால் உண்ணி பெருகும். புதரோரத்தில் மீந்த சோறும் மீன் முள்ளும் நாள்தோறும் விழுந்தால் எலி பெருகாமல் என்ன செய்யும்? பந்தைத் தேடிப் புதருக்குள் நுழையும் சிறுவன், ஆடு மேய்ப்பவர், ஒதுங்கச் செல்பவர் ஆகியோர் இடையில் அகப்பட்டுக்கொள்கின்றனர்.

கடித்த இடத்தில் வலி இராது. ஏறத்தாழ பத்து நாட்களில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தொடங்கும். சிகரெட் நுனியால் சுட்டாற்போன்ற கரிய பொருக்கு ஒன்று தோன்றலாம். அது அக்குளிலோ, இடுப்புமடிப்பிலோ, மார்பின் அடியிலோ மறைந்திருக்கும், நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் இது தோன்றுவதும் இல்லை. பென்சிலின் வகை மருந்துகள் இந்நோயில் பயன்படா. டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிந்துவிடும். தாமதித்தாலோ நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கப்பட்டு உயிருக்கே இடராகும். இவ்வளவு எளிய மருந்துள்ள நோய், உரிய நேரத்தில் கண்டறியப்படாமையால் மட்டுமே பலரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்கிறது. மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் தமிழகத்தில் இது மிகுதி. ஆகவே காய்ச்சலுடன் மருத்துவரிடம் செல்லும்போது, வீடு புதர்க்காட்டை ஒட்டியிருப்பதை அவர் கேட்குமுன்னரே கூறிவிடுங்கள்.

எலியைத் தொடர்ந்து பாம்பு வருவதையும் எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் எலிக்காய்ச்சல் பரவுவதையும் பலரும் அறிவர். எலியை ஒழிக்க வீட்டார் நஞ்சு வைக்கின்றனர். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியக்கூடும். எலியைத் தின்று நமக்கு உதவும் பறவையை நாமே கொல்லும் விந்தை இது.

அடுத்தது டெங்கு. தேநீர்க் குவளை, தேங்காய்த் தொட்டி, பழைய டயர், தெர்மக்கோல் பெட்டி: காட்டில் இயல்பாக இல்லாத சிறு நீர்க்கலங்களை நாமே கொண்டுசேர்க்கிறோம். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் நீரின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். கோடையில் வீசிய குவளை, ஐப்பசி மழையில் நனைந்ததும் பொரிக்கும்; அடுத்த பத்து நாட்களுக்குள் கொசு பறக்கும். இக்கொசு பெரும்பாலும் சில நூறு அடிகளுக்கு மேல் செல்வதில்லை. வேலியோரத்தில் பிறந்த கொசு தேடிவருவது, அக்குவளையை வீசிய தெருவைத்தான்.

கோடையில் இக்குப்பைக்கு எவரேனும் தீயிடுவர். சருகு பற்றினால் காடு எரியும்; பிளாஸ்டிக் எரிந்த புகை, ஆஸ்துமா நோயாளி இருக்கும் வீட்டின் சன்னல் வழியே நுழையும். விலங்குகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கிண்டிக் காட்டையும் அதனையொட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தையும் சேர்ந்த புள்ளிமான்கள் இறந்தபோது, உடற்கூறாய்வில் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் பொதிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. உணவின் உப்பு ஒட்டிய பையை மான் அப்படியே விழுங்கிவிடுகிறது. அது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்த நிலையிலேயே மான் பட்டினியால் சாகிறது.

இனிக் கூறவிருப்பது நோயாளியின் வீட்டாருக்கே உரியது. நோய்ப்படுக்கை இருக்கும் வீட்டில் வேறுவகைக் குப்பை சேரும்: இன்சுலின் ஊசிகள், கட்டுத்துணிகள், பெரியவர்களுக்கான டயப்பர்கள், மீந்த மாத்திரைகள். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்னும் கூச்சத்தால், இவற்றைக் கறுப்புப் பையில் கட்டி இருட்டில் தொலைவில் எறிந்துவிட்டு வருபவர் உண்டு. கூச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே, விளைவு அவ்வாறன்று. அப்பையை நாய் கிழிக்கும். குப்பை பொறுக்குபவரோ தூய்மைப் பணியாளரோ கையுறையின்றித் துழாவுவார். கல்லீரல் அழற்சி பி வைரஸ், உடலுக்கு வெளியே உலர்ந்த குருதியில் குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் வலிமையோடு இருக்கக்கூடியது.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பொதுவெளியில் குப்பையை வீசுவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் தடைசெய்தன. பயன்படுத்திய ஊசிகளையும் காலாவதியான மருந்துகளையும் வீட்டு அபாயக் கழிவு எனத் தனியே வகைப்படுத்தின. நடைமுறையில் செய்யவேண்டியது அரிதன்று. ஊசியின் மூடியை மீண்டும் பொருத்த முயலாதீர்கள். விரலில் குத்துவது பெரும்பாலும் அப்போதுதான். தடித்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் ஊசியைப் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, வெளியே ‘ஊசிகள்’ என்று எழுதி ஒட்டுங்கள். டயப்பரையும் கட்டுத்துணியையும் செய்தித்தாளில் சுற்றி, தனியே அடையாளமிட்டு, வாயிலுக்கு வரும் பணியாளரிடம் கையோடு கொடுங்கள். மீந்த மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டவும் வேண்டா, அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் வேண்டா.

ஊசிப்புட்டியை எங்கே ஒப்படைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொள்ளும்போதே செவிலியரிடம் இதனையும் கேட்டு, அச்சீட்டின் பின்புறத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.