விழிக்க மறுக்கும் மடிக்கணினி

நம் இல்லங்கள் பலவற்றில் இன்று அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலின் அடியிலோ பழைய மடிக்கணினி ஒன்று பையில் இடப்பட்டுக் கிடப்பதைக் காணலாம். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபின், அதுவரை கணினியைத் தொட்டும் அறியாத குடும்பங்களிலும் அக்கருவி இடம்பெற்றது. வேறு சில இல்லங்களில் அது மகன் தன் முதற் சம்பளத்தில் வாங்கியதாக இருக்கும். மகளின் புதுநன்மைப் படங்கள் அதிலேதான் உள்ளன. மறைந்த பாட்டியாரின் முகமும் குரலும் அதிலே உள்ளன. வீடு கட்டிய காலத்துக் கணக்குகளும் அதிலே உள்ளன. ஒரு நாள் பொத்தானை அழுத்தினால், கரிய திரையில் ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்னும் ஒற்றை வரி தோன்றி, அதனோடு எல்லாம் நின்றுவிடுகிறது. இயங்குதளம் காணப்படவில்லை என்பது அதன் பொருள்.

கலங்கிய பெற்றோர் கருவியைக் கடைக்கு எடுத்துச் செல்கின்றனர். “ஃபார்மட் பண்ணிப் புதுசா ஓ.எஸ். போட்டுடலாம்” என்று அங்குள்ள இளைஞர் எளிதாகக் கூறிவிடுகிறார். அச்சொல்லின் பொருளை அறியாமலே நாமும் தலையசைத்து விடுகிறோம். மறுநாள் கருவி உயிர்பெற்று வீடு திரும்புகிறது. பாட்டியாரின் படங்கள் திரும்புவதில்லை.

இவ்விழப்பு பெரும்பாலும் தவிர்க்கக் கூடியதே. அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை. செய்ய வேண்டியவை மூன்று. அவற்றின் வரிசையே இன்றியமையாதது. கணினி எந்தப் படியில் நின்றுவிட்டது என்று அறிதல் முதலாவது. உள்ளே இருப்பவற்றைப் படியெடுத்தல் இரண்டாவது. பழுதுபார்த்தல் மூன்றாவது. இவ்வரிசையை மாற்றுவதனாலேயே பல குடும்பங்கள் தங்கள் நினைவுச் செல்வங்களை இழக்கின்றன.

கணினி விழித்தெழும் முறை

கணினி தொடங்குவதை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்கிறார்கள். தன் காலணியின் வாரைத் தானே இழுத்துத் தன்னையே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்னும் பழைய ஆங்கில வழக்கிலிருந்து அச்சொல் பிறந்தது. கணினிக்குள் ஒரு நிரலை ஏற்றுவதற்கே மற்றொரு நிரல் வேண்டும். அவ்வாறாயின் முதல் நிரலை ஏற்றுவது யார்? தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லு ஒன்றில் நிலையாகப் பதிக்கப்பட்ட நிரலே அது. அதனைப் பழைய கணினிகளில் ‘பயாஸ்’ என்பர்; புதியவற்றில் அதன் இடத்தை ‘யு.இ.எஃப்.ஐ.’ பெற்றுள்ளது.

பொத்தானை அழுத்தியதும் இந்நிரல் முதலில் நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது. அடுத்து, தனக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட வரிசைப்படி ஒவ்வொரு சேமிப்புக் கருவியாக நாடி, இயங்குதளத்தைத் தேடுகிறது. பழைய முறையில், ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கிறது. 446 பைட்டுகள் அளவே உள்ள சிறு நிரலும், தட்டு எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் 64 பைட்டு அட்டவணையும், இறுதியில் 2 பைட்டு அடையாளக் குறியும் அங்கே உள்ளன. இவ்வமைப்பு 1983-ஆம் ஆண்டு ஐ.பி.எம். கணினிகளில் வந்தது. புதிய முறையில் இதற்கென ஒதுக்கப்பட்ட தனிப் பகுதியில் உள்ள கோப்பு ஒன்று படிக்கப்படுகிறது. எம்முறையாயினும், அச்சிறு நிரல் விண்டோஸ் போன்ற பெரிய இயங்குதளத்தை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

ஆகவே ‘இயங்குதளம் காணப்படவில்லை’ என்னும் வரியைக் கண்டவுடன் உள்ளம் தளர வேண்டுவதில்லை. அவ்வரியை எழுதிக் காட்டும் அளவுக்குக் கருவி விழித்துவிட்டது. மின்சாரம், தாய்ப்பலகை, திரை, நினைவகம் ஆகியவை ஓரளவேனும் நலமாயிருக்கின்றன என்பதற்கு அவ்வரியே சான்று. குறை அதற்கு அடுத்த படியில் உள்ளது.

ஒன்றுமே தெரியாதபோது

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை என்றால், மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும். சார்ஜரை வேறு பிளக்கில் செருகிப் பார்க்கலாம். பின்னர், சார்ஜரை நீக்கி, கழற்றக்கூடிய பேட்டரியாயின் அதனையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சார்ஜரை மட்டும் இணைத்து மீண்டும் முயல வேண்டும். எஞ்சி நின்ற மின்னூட்டம் வடிந்ததும் எழுந்துவிடும் கருவிகள் உண்டு. பேட்டரி உப்பியிருக்கக் கண்டால் அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் செய்யாது, அறிந்தவரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பு.

விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது என்றால், எச்.டி.எம்.ஐ. கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கலாம். அதில் படம் தெரிந்தால் குறை திரையில்தான். கோப்புகள் அனைத்தும் பத்திரமாக உள்ளன. அதிலும் ஒன்றும் தெரியாது ‘பீப்’ என்னும் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்குமாயின், ‘ராம்’ எனப்படும் நினைவகத்தை ஐயுறலாம். மின்தொடர்பு அனைத்தையும் நீக்கியபின், ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை நீக்கிக்கொண்டு, அப்பட்டையைக் கழற்றி மீண்டும் அழுத்தமாகச் செருகுதல் பல வேளைகளில் போதுமானதாகிறது.

எளிய காரணங்கள் இரண்டு

இயங்குதளம் இல்லையென்னும் வரி தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது கருவியின் பக்கவாட்டை. எவரேனும் செருகி மறந்த பென் டிரைவோ மெமரி கார்டோ அங்கே இருக்கக்கூடும். கணினியின் தேடும் வரிசையில் அது முதலாவதாக இருப்பின், இயங்குதளம் இல்லாத அப்பொருளில் தேடி ஏமாந்து கணினி நின்றுவிடும். அதனை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினாலே போதும்.

இரண்டாவது காரணம் பலர் அறியாதது. கடிகாரத்தையும் சில அமைப்புகளையும் காத்து வைப்பதற்காக, பல மடிக்கணினிகளின் உள்ளே நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று உள்ளது. பொதுவாக அது ‘சி.ஆர். 2032’ என்னும் வகையைச் சார்ந்தது. கருவி பல மாதங்கள் அலமாரியில் கிடந்தால் அப்பேட்டரி வறண்டுவிடும். அப்போது கடிகாரம் பல ஆண்டுகளுக்கு முந்திய தேதியைக் காட்டும். பழைய கணினிகள் பலவற்றில் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பழைய முறையில் நிறுவப்பட்ட இயங்குதளத்தைக் கணினி புதிய முறையில் தேடத் தொடங்கும். அல்லது ஹார்ட் டிஸ்கோடு பேசும் முறை மாறி, விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். தட்டிலோ கோப்புகளிலோ யாதொரு குறையும் இராது.

இதனை அறிய, கருவியைத் தொடங்கியவுடன் எஃப் 2 அல்லது டிலீட் போன்ற விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் செல்ல வேண்டும். எந்த விசை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று: தேதி சரியாக உள்ளதா, ஹார்ட் டிஸ்கின் பெயர் பட்டியலில் தெரிகிறதா, தொடங்கும் முறை ‘லெகசி’ என்றுள்ளதா ‘யு.இ.எஃப்.ஐ.’ என்றுள்ளதா. இப்போதுள்ளதைத் தாளில் குறித்துக்கொண்டு, முறையை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். பயன் இல்லையெனில் பழையபடியே வைத்துவிடலாம். கோப்புகள் எவையும் இதனால் அழியா.

தட்டே நோயுற்றிருந்தால்

பட்டியலில் ஹார்ட் டிஸ்கின் பெயரே தெரியவில்லை என்றால், அதன் இணைப்பு தளர்ந்திருக்கலாம். அல்லது தட்டே பழுதுற்றிருக்கலாம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டும், அதன்மீது முடியினும் மெல்லிய இடைவெளியில் மிதக்கும் முனையும் கொண்டது இப்பொருள். ‘டிக் டிக்’ என்று மீண்டும் மீண்டும் ஒலித்தால் உடனே மின்தொடர்பை நீக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கிப் பார்க்கும்போதும் சேதம் பெருகக்கூடும். அந்நிலையில் உள்ளே உள்ளவை விலைமதிப்பற்றவையாயின், தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்ட ஆய்வகங்களை நாடுவதே வழி. அது செலவு மிக்கது. எனினும் வீட்டில் திறந்து பார்ப்பது கூடவே கூடாது.

பழுதுபார்க்குமுன் படியெடுங்கள்

தட்டின் பெயர் தெரிகிறது, ஒலியும் இயல்பாக உள்ளது, ஆயினும் விண்டோஸ் எழவில்லை என்னும் நிலையே பரவலாகக் காணப்படுவது. இந்நிலையில் கோப்புகளை வெளியே எடுக்க எளிய வழி ஒன்று உண்டு. விண்டோஸ் துயின்றாலும் வேறோர் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே எழுப்பலாம்.

ஃபின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இதற்குக் கைகொடுக்கிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய வடிவங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நலமாயுள்ள வேறொரு கணினியில் அதனைப் பதிவிறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். ஆதலால் வெறுமையான ஒன்றையே பயன்படுத்துக. பழைய கருவியில் அதனைச் செருகி, தொடங்கும்போது எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் ஆகியவற்றுள் அக்கருவிக்கு உரிய விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் தோன்றும். அதில் பென் டிரைவைத் தெரிவு செய்து, ‘நிறுவாமல் முயன்று பார்’ என்னும் பொருள்படும் வழியையே பின்பற்ற வேண்டும். ‘இன்ஸ்டால்’ என்பதை இப்போது தொடவே கூடாது.

திரையில் லினக்ஸ் எழுந்ததும், பழைய தட்டின் கோப்புறைகளைத் திறந்து, வேறொரு வெளி ஹார்ட் டிஸ்கில் படியெடுக்கலாம். ஈடுசெய்ய இயலாத படங்களையும் குரல்களையும் முதலில் எடுத்துக்கொள்க. திரைப்படங்களும் பாடல்களும் பின்னர் வரலாம். அங்கேயே உள்ள ‘டிஸ்க்ஸ்’ என்னும் கருவியைக் கொண்டு தட்டின் உடல்நலத்தையும் அறியலாம்.

இவ்வழிக்கு வரம்புகள் இரண்டு. 32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கருவிகளில் இக்காலத்து உபுண்டுவும் மின்ட்டும் ஓடா. தட்டு ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண் இன்றித் திறக்க இயலாது. உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் பதிந்திருக்கும்.

‘ஃபார்மட்’ என்றால் என்ன?

கடைக்குச் செல்ல நேர்ந்தால், இச்சொல்லின் பொருளை அறிந்தே செல்ல வேண்டும். விரைவாகச் செய்யப்படும் ஃபார்மட் என்பது நூலின் பொருளடக்கத்தைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும். பக்கங்கள் இன்னும் உள்ளே இருக்கும். எது எங்கே என்பதுதான் தெரியாது. அதன்மேல் புதிய இயங்குதளம் பதிக்கப்படும்போது, பழைய பக்கங்களின் மீதே புதிய எழுத்துகள் எழுதப்படுகின்றன. அவ்வாறு மேலெழுதப்பட்டவை மீளா.

ஆகையால் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். “ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கா தம்பி? முதல்ல கோப்பையெல்லாம் காப்பி எடுத்துக் கொடுப்பீங்களா? ஃபார்மட் பண்ணாம ஸ்டார்ட்அப் ரிப்பேர் செஞ்சு பார்க்க முடியுமா?” இவற்றைக் கேட்பதால் அவர் நம்மைக் குறைவாக எண்ணார். நல்ல தொழிலாளர் இக்கேள்விகளை வரவேற்பார்.

கருவிக்கு மறுவாழ்வு

படியெடுத்தபின் எதுவும் செய்து பார்க்கலாம். இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை. தட்டு நலமெனில் தொடக்க நிரலைச் செப்பனிடலாம். நலிந்ததெனில், அதே இடத்தில் பொருந்தும் 2.5 அங்குல ‘எஸ்.எஸ்.டி.’யைப் பொருத்தலாம், சுழலும் பாகம் அற்ற அது பழைய கருவிக்குப் புது வேகம் தரும். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடும் முடிவுற்றன. விண்டோஸ் 11 கோரும் தகுதிகள் 2011-ஐ ஒட்டிய கருவிகளுக்கு இல்லை. எனவே அத்தகைய கருவியில் லினக்ஸை நிலையாகவே நிறுவிக்கொள்வது தக்கது. பிள்ளைகள் தட்டச்சு பழகவும் பாடம் படிக்கவும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இறுதியாக ஒன்று. ஒரே இடத்தில் மட்டும் உள்ள படம், பாதி தொலைந்த படத்துக்குச் சமம். மீட்டவற்றை இரண்டு படிகளாக்கி, ஒன்றை உங்கள் இல்லத்திலும் மற்றொன்றை மணமாகிச் சென்ற மகளின் இல்லத்திலோ உடன்பிறந்தார் இல்லத்திலோ வையுங்கள். அலமாரியின் மேல்தட்டில் மடிக்கணினி இன்று உறங்கிக் கிடக்குமாயின், அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு அதனை இறக்கிப் பாருங்கள். நாணய பேட்டரி ஒன்று மாற்றுவதோடு அது விழித்துக்கொள்ளவும் கூடும்.